பாதி வழியில் ஒரு பொன்னாடை

ஒட்டுசுட்டான்
18.4.1979

அன்புள்ள உமக்கு,

வருடப் பிறப்பு மரதன் ஓட்டத்தில் நான் விழுந்துவிட்டதாக நீர் போயிருக்கும் மகள் வீட்டில் யாரோ உமக்குச் சொன்னார்களாம். விழவில்லை. முள்ளியவளைக்கு ஒரு மைல் கட்டை தூரம் இருக்கையில், விளையாட்டுக் கழகச் செயலாளர் வீரபாகு நடுறோட்டில் மறித்துப் பொன்னாடை போர்த்தினார்.

"ஐயா, இந்த வயசில இவ்வளவு ஓடினதே காணும். மிசின் பெட்டியில ஏறுங்கோ."

எனக்குப் பின்னால் இளைஞர்கள் நால்வர் வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் கும்பிட்டுவிட்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினேன். மரியாதை செய்து ஒருவனை ஓட்டத்திலிருந்து வெளியேற்றுவது என்ன நியாயம்?

இன்று காலை பஸ்ஸில் அதே இடத்துக்குப் போய், மிச்சத்தை ஓடி முடித்தேன். இது கணக்கில் சேருமோ தெரியவில்லை.

சோற்றுப்பானை இறக்க இப்போது அந்தப் பொன்னாடையைத்தான் பிடிக்கிறேன். நீர் வந்தால் வேறு துணி தேடலாம்.

இப்படிக்கு,
பெட்டியிலிருந்து இறங்கிவிட்ட
உம்முடைய கணவன்