ஏழு முறை எதிரொலிக்கும் வளைவு

மாணவர் விடுதி, கிள்ளான்
3 ஆகஸ்ட் 2025

மரியாதைக்குரிய (இந்தச் சொல் அம்மாவின் உத்தரவு) ராதா அங்கிளுக்கு,

நலம். நலமா? விடுதி என்று பெயர்தான், விடவே மாட்டேன் என்கிறார்கள். கைப்பேசிகள் எல்லாம் வார்டனின் அலமாரியில் தூங்குகின்றன. அதனால் இந்த அறையில் தபால் வந்த ஒரே மனிதன் நான். "யாருடா, லவ் லெட்டரா?" என்று பக்கத்துக் கட்டில் ரிஷி பறிக்கப் பார்த்தான். "ஆமாலா, ஆனா லவ்வு எங்கம்மாவோடது" என்றேன்.

உங்கள் திட்டத்தைப் படித்தேன். செப்டம்பர் விடுமுறையில் பிரிக்ஃபீல்ட்ஸில் கிளம்பி ரவாங், கோலகுபு பாரு, அணைக்கட்டு, கேப் கணவாய், பிரேசர் மலை, பிறகு ரவூப், பெந்தோங் சுற்றி ஒரே நாளில் வீடு. உங்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் நான். மலையில் வைத்து என்னிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதும் தெரியும். போன வாரம் பார்க்க வந்தபோது அம்மா உளறிவிட்டார். "நீ வேணாம்னா கல்யாணம் இல்ல டேரன். அவரும் அப்படித்தான் சொல்றாரு."

அப்பா இறந்து ஆறு வருஷம். அதிலிருந்து எங்கள் மேசையில் இரண்டே தட்டுகள். மூன்றாவது தட்டு பற்றி நான் இன்னும் யோசிக்கிறேன். அதுவரை ராதா அங்கிள் 'வராத அங்கிள்' ஆக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு யோசனை மட்டும். கேப் தாண்டி பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், மூங்கில் புதர் முடிகிற இடத்தில் ஒரு பெரிய வளைவு. இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "டேரன் தங்கமான பையன்!" என்று பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்தினால் ஏழு முறை எதிரொலிக்கும். பலருக்குத் தெரியாத இடம். அவசியம் சேர்க்கவும்.

இப்படிக்கு,
தங்கமான பையன்
டேரன் கிரிகரி


பிரிக்ஃபீல்ட்ஸ்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி டேரனுக்கு,

உன் வளைவைச் சேர்த்துக்கொண்டேன், நன்றி. கோலகுபு பாருவில் பெட்ரோல் நிரப்பிவிட வேண்டும். மலையில் மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும், ஆகவே காலை ஐந்தரைக்கே கிளம்பலாம். உனக்கு ஹெல்மெட் வாங்கத் தலை அளவு வேண்டும். நூல் வைத்து அளந்து எழுது.

கொமுட்டர் ரயில் ஓட்டுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரியாத பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு போக மாட்டோம். முதலில் பாதை படிக்க வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே திருப்பம், எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் மனத்தில் பதிய வேண்டும். நீ என் பின்னால் உட்காரப் போகிறவன். ஆகவே வரும் சனிக்கிழமை நான் மட்டும் போய்ப் பார்த்து வருகிறேன்.

அன்புடன்,
இராதாகிருஷ்ணன்


கிள்ளான்
14 ஆகஸ்ட் 2025

ராதா அங்கிள்,

நிஜமாகவே போகிறீர்களா? தனியாகவா? அந்த எதிரொலி சில நாட்களில் லீவு போட்டுவிடும் என்று கேள்வி. கிடைக்காவிட்டால் தேட வேண்டாம்.

தலை ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். தலைக்கனம் எவ்வளவு என்று அம்மா சொல்லியிருப்பார். மழைக்கோட்டு மறக்காதீர்கள். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றட்டும், நீங்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள். இரட்டை இன்சூரன்ஸ்.

"பாவம்டா அந்த அங்கிள்" என்கிறான் ரிஷி.

டேரன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி,

நேற்றுப் போய் வந்தேன். திரும்பிய பிறகுதான் உன் கடிதம் கையில் கிடைத்தது.

அணைக்கட்டில் எது தண்ணீர், எது மேகம் என்று பிரிக்க முடியவில்லை. அதற்கு மேல் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒரு பெரணி குடை விரித்தது போல என் தலைக்கு மேலே நின்றது. அதைச் செடி என்பதா, மரம் என்பதா? தினமும் ஆயிரம் பேரை இழுத்துக்கொண்டு போகிறவன் நான். அங்கே ஒரு பூச்சி ஊர்வது போலத்தான் ஊர்ந்தேன்.

மூங்கில் முடிந்த வளைவில் நிறுத்தினேன். நீ எழுதியபடியே செய்தேன். ரயிலில் ஹாரன் அடிப்பேனே தவிர, வாய்விட்டுக் கத்திப் பழக்கமில்லை. எதிரொலி வரவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. நீ விட்ட கதை என்று அப்போதே புரிந்துவிட்டது. சைக்கிளில் ஏறி வந்த மலாய்க்காரர் ஒருவர் நின்று, "அபாங், ஓகே கெ?" என்று அண்ணன் முறை வைத்து விசாரித்தார். "ஓகே, ஓகே" என்றேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று மூன்றாம் தடவையும் கத்தினேன்.

பள்ளத்தாக்கு பதில் சொன்னது, தம்பி.

முதலில் ஆழத்தில் யாரோ முரசை ஒரே ஒரு தடவை தட்டியது போல. பிறகு இன்னொன்று. பிறகு கூவல், அலறல், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. எதிர்மலையிலிருந்து இன்னொரு கூட்டம் சேர்ந்துகொண்டது. "சியாமாங்" என்றார் சைக்கிள்காரர், கோயிலுக்குள் பேசுவது போல மெதுவாக. கறுப்புக் குரங்குகளாம். தொண்டைப்பை பலூன் மாதிரி உப்புமாம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சத்தம் என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. முன்பின் தெரியாத நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நின்றோம். சட்டென்று எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனது. அந்த அமைதியை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்.

காலையில் அவை எப்படியும் கத்துமாம், எனக்காக அல்ல. ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்னதை அவை மறுக்கவும் இல்லை.

பாதை படித்தாயிற்று. வருகிறாயா?

அன்புடன்,
இராதாகிருஷ்ணன்


கிள்ளான்
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அங்கிள்,

உங்கள் கடிதத்தை அறையில் எல்லாரும் கேட்க வாசித்தேன். சிரிக்க வைக்கத்தான் ஆரம்பித்தேன். "மூன்றாம் தடவையும் கத்தினேன்" வரைக்கும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கட்டிலை விட்டு இறங்கி வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "நிறுத்தாதடா, படி" என்றான் ரிஷி. முடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

அந்த வளைவு, வரைபடத்தில் நான் சும்மா விரல் வைத்த இடம். மூங்கில்கூட நான் இட்டுக்கட்டியதுதான். விரலுக்கு அடியில் இப்படி ஒன்று உயிரோடு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கணக்குப் பாடத்தில்கூட அந்த முரசுச் சத்தம் எப்படி இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிறேன். ஆனால் அந்தக் கேள்வியை மலையில் வைத்துக் கேட்காதீர்கள். அவை கத்தும்போது நான் என் பதிலை யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த நேரம் முழுவதும் எனக்கு வேண்டும். அதனால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சரி.

அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்டதும் அழுவார். பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

டேரன்