திருப்பிக் கொடுத்த நாள்

சிவமயம்

ஸ்காபரோ,
தை மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் தனுஷிகாவுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதத்தான் விருப்பம், ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அதுவும் உன் வாயால் அல்ல. கடிதம் ஏன், ரெலிபோன் இல்லையா என்று கேட்பாய். ரெலிபோனில் நான் தோள் என்று தொடங்கினாலே, அப்பா வேலைக்கு நேரமாச்சு, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். குரல் பதிந்து அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்கிறாயாம், உன் அண்ணா சொன்னான். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், இந்த முறை அது எனக்கு வசதி. நான் சொல்லி முடிக்கும் முன் உன்னால் பதில் சொல்ல முடியாது.

பொங்கலன்று இங்கே முழங்கால் அளவுக்குப் பனி. கராஜ் கதவைத் திறந்துவிட்டு வாசலோடு அடுப்பை வைத்துப் பொங்கினோம், காற்றுக்கு அடுப்பு நிற்கவில்லை, பால் பொங்குவதற்குள் அம்மாவின் கை விறைத்துவிட்டது. அவளுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, பொங்கின புக்கையைக் கண்டால் நிறுத்தத் தெரியாது. அன்றைக்கு நீ வீடியோவில் வந்தபோது இடக் கையால் கை காட்டினாய். அதை முதலில் கண்டவள் அவள்தான். ஏன் பிள்ளை இடக் கையாலை காட்டுறாய் என்று கேட்டதற்கு, வலக் கையில தேத்தண்ணிக் கோப்பை அம்மா என்றாய். படத்தில் கோப்பை இல்லை. நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று அதை அப்படியே விட்டேன்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்கு மிசிசாகாவிலிருந்து அண்ணாவும் வந்திருந்தான். கும்பிட்டு வந்து காரில் ஏறினோம், அவன் வண்டியை எடுக்காமல் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அப்பா, கத்துறேல்லை எண்டால் ஒண்டு சொல்லுறன் என்றான். நான் கத்தமாட்டேன் என்று சொல்லவில்லை, சொல்லு என்றேன். அப்போதுதான் எல்லாம் வெளியில் வந்தது. தோள் சத்திரசிகிச்சைக்கு வேறொருவர் வராமல் விட்டதால் உனக்கு மாசி முதல் கிழமையில் ஒரு நாள் கிடைத்ததாம், நீ பனிச்சறுக்கு மலையில் விழுந்தவர்களை இறக்குகிற வேலைக்கு ஆள் காணாது, பனிக்காலம் முடிய வைகாசிக்குப் பிறகு பார்க்கலாம் என்று அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். வைத்தியருடைய அலுவலகத்துப் பெண், வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த இடத்தை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன், யோசித்துச் சொல்லுங்கோ என்றிருக்கிறாள். முன்பின் தெரியாத பெண்ணுக்கு இருக்கிற அக்கறை உனக்கு உன்னில் இல்லை. அப்பாவுக்குச் சொல்லாதே என்று அண்ணாவிடம் சத்தியம் வாங்கினாயாம். உன்னோடு மலையில் வேலை செய்கிற மரியோ அவனை அழைத்திராவிட்டால் அவனும் வாயைத் திறந்திருக்கமாட்டான்.

மரியோவோடு நானே கதைத்தேன். அவனில் கோபிக்காதே. அவசரத்துக்கு அழைக்க நீ கொடுத்திருப்பது அண்ணாவின் இலக்கம், அவன் பயந்துபோய் அதற்கு எடுத்திருக்கிறான். என்னுடைய இங்கிலிஷ் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்குள் நானாகப் பழகினது, நீங்கள் இருவரும் அதைக் கேட்டுச் சிரிப்பீர்கள், அந்தப் பொடியன் ஒருமுறையும் சிரிக்கவில்லை. சேர், உங்கட மகள் எங்கள் எல்லாரையும் விட நல்லாய் ஸ்கீ ஓடுவா, அதுதான் எனக்குப் பயம், அவவை ஒருத்தரும் மறிக்கமாட்டினம் என்றான். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் கால் முறிந்த ஒரு பெண்ணைச் சறுக்கு வண்டியில் கட்டிக் கீழே இறக்கியிருக்கிறீர்கள். முன்கைபிடி இரண்டையும் பிடித்து நீ முன்னால், பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன். இறுகின பனியில் வண்டி ஒருமுறை உதைத்திருக்கிறது, உன் வலக் கை பின்னுக்கு இழுபட்டுத் தோள் விலகிவிட்டது. ஒற்றைக் கையால் வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பினாயாம், அவன் கயிற்றோடு குந்தியிருந்து தாங்கினானாம். கட்டிக்கிடந்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஏன் நிற்கிறோம் என்று கேட்டாளாம். வேறு ஆள் வந்து வண்டியை எடுத்த பிறகு நீ ஒரு மரத்துக்குப் பின்னால் போயிருந்து தோளை நீயே திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதே என்றாயாம்.

பிள்ளை, ஒன்று கேட்கிறேன். இது உன் தோள், உன் விருப்பம் என்று எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறாய். அது சரியென்றே வைப்போம். அந்த வண்டியில் கட்டுண்டு கிடந்தவள் யாருடைய விருப்பம்? அவளும் ஒரு தகப்பனுக்குப் பிள்ளை. உன் கை நிற்கும் என்று நம்பித்தான் கட்டச் சொல்லிப் படுத்தாள். நிற்காது என்று உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

நான் வைத்தியம் படித்தவன் அல்ல. அண்ணா என்னைப் பார்த்து, யூரியூப் டொக்டர் வந்திட்டார், எல்லாரும் எழும்புங்கோ என்கிறான். சொல்லட்டும். முதல்முறை பல்கலைக்கழக நாளில் நீ மலையில் கையூன்றி விழுந்து தோள் விலகினபோது நான் ஒன்றும் அறியாதவன். அடுத்த முறை நீச்சல் குளத்தில், அதற்கடுத்தது காரின் பின்சீற்றில் இருந்து பை எடுக்கத் திரும்பினபோது. அதற்குப் பிறகுதான் நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அம்மா கறிக்கு வாங்கின ஆட்டின் முன்னங்காலை மூட்டோடு எடுத்து மேசையில் வைத்து விரித்தும் பார்த்தேன். சமைக்கிறதோ, படிக்கிறதோ, ஒண்டைச் செய்யுங்கோ என்று ஏசினாள். அந்த மூட்டில் குழி என்று சொல்ல ஒன்றுமில்லை, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற சோசர் அளவுக்குத்தான் பள்ளம். மனிதருக்கும் அப்படித்தானாம். சுற்றிவர இருக்கிற குருத்தெலும்புக் கரையும் சவ்வும்தான் எலும்பை வழுக்காமல் பிடிக்கின்றன. உனக்கு அந்தக் கரை கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை விலகும்போதும் எலும்புக் கரையும் கொஞ்சம் உடைந்து தேய்கிறது. இப்போதென்றால் சிறு துளை போட்டுத் தைத்துவிடலாம் என்று உன் வைத்தியரே சொன்னார். இன்னும் விலகினால் தைத்துப் பயனில்லை, வேறு எலும்பை வெட்டி வைத்துத் திருகாணி போட்டுப் பூட்ட வேண்டி வரும் என்றும் சொன்னார். நீ என்னையும் லைனில் சேர்த்த அன்று நான் காதால் கேட்டது. அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கத் தொடங்க என் குரலை அடைத்துவிட்டாய். அதை நான் மறக்கவில்லை.

கஜனியின் கலியாணத்தையும் நான் மறக்கவில்லை. பெரியம்மாவின் மகள், உனக்குச் சொந்த அக்கா மாதிரி, நான் அவளைக் குறை சொல்லவில்லை. தாலி கட்டுகிற நேரம் எல்லாரும் எழும்பி அட்சதையாக அறுகரிசி எறிந்தோம், நீயும் கையைத் தலைக்கு மேலே ஓங்கி எறிந்தாய், அந்த வீச்சில் தோள் விலகிவிட்டது. நான் உனக்குப் பக்கத்தில் நின்றேன். உன் வாய் திறந்ததைக் கண்டேன், சத்தம் கேட்கவில்லை. கெட்டிமேளம் அடிப்பது எதற்கு? அந்த நேரத்தில் ஒரு தும்மலும் ஒரு அழுகையும் ஒருவர் காதிலும் விழக் கூடாது என்பதற்குத்தான். தகப்பன் காதிலும் விழவில்லை. பிறகு பெரியம்மா ஓடி வந்து, ஐயோ ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், தாலி கட்டேக்கை நடந்தது எண்டால் சனம் என்ன கதைக்கும், உவளுக்கும் நாளைக்கு ஒரு கலியாணம் பேசவேணுமெல்லோ என்றா. அம்மா தன் சேலைத் தலைப்பால் உன் தோளைப் போர்த்திக்கொண்டு, விரதம் இருந்தவள், தலைச்சுத்து என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். நான் சாப்பாடு இறக்குகிற பின்வாசலுக்குக் காரைக் கொண்டுவந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றேன். நீயோ, அப்பா கொஞ்சம் பொறுங்கோ, கஜனி அக்கா தேடுவா, ஒரு படம் எடுத்திட்டு வாறன் என்றாய். அந்த ஒரு படத்துக்கு வரிசையில் நின்றாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தசை இறுகிப்போய், மயக்க மருந்து தந்துதான் இழுத்துப் போட்டார்கள். மேற்கையின் வெளிப்பக்கம் தொட்டால் தெரியாமல் எத்தனை கிழமை திரிந்தாய். ஆல்பம் வந்தபோது பார்த்தேன், படத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். எல்லாரும் வடிவான படம் என்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை. பெரியம்மாவோடு இன்றுவரை சரியாகக் கதைப்பதுமில்லை, அம்மா என்ன சொன்னாலும் கதைக்கப்போவதுமில்லை. உன் தோளின் குறையை மறைத்துத் தேடி எடுக்கிற மாப்பிள்ளை எங்களுக்குத் தேவையில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ அதையேதான் இப்போதும் செய்கிறாய். அன்றைக்குக் கலியாணம் முடியட்டும் என்று நின்றாய், இன்றைக்குப் பனிக்காலம் முடியட்டும் என்று நிற்கிறாய். மலையில் ஆள் காணாதென்றால் ஆள் எடுக்க வேண்டியவர்கள் எடுக்கட்டும். நானும் ஒரே தொழிற்சாலையில் காலத்தைக் கழித்தவன், நான் நின்ற இடத்தில் அடுத்த நாளே வேறொருவன் நின்றான், மெஷின் ஓடியது. நீ இல்லாமல் அந்த மலை மூடப்போவதில்லை. உன் தோளுக்கு மாற்று ஆள் இல்லை.

அப்பாவுக்கு ஸ்கீ பிடிக்காது, அதுதான் சாட்டு வைத்து மறிக்கிறார் என்று நினைப்பாய். பிடிக்காதுதான். தடியும் சப்பாத்தும் சுமந்துகொண்டு ஏறி, வழுக்கி இறங்கி, திரும்ப ஏறுகிற வேலையில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, விளங்கினதாக நடிக்கவும் மாட்டேன். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு முதன்முதல் போகச் சம்மதம் கொடுத்தவள் அம்மா, நான் அல்ல, இது பதிவில் இருக்கட்டும். ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றி அல்ல. தைத்த பிறகு கைக்குப் பலம் வந்தால் திரும்ப மலைக்குப் போகலாம் என்று வைத்தியர் உனக்குச் சொன்னதையும் நான் கேட்டேன், மறைக்கவில்லை. தைக்காமல் போனால் எதற்கும் கை உதவாது, தலை சீவவும் உதவாது.

தைத்த பிறகு கிழமைக்கணக்கில் கையை நெஞ்சோடு கட்டி வைத்திருக்க வேண்டும். உடுப்புப் போடவும் குளிக்கவும் ஒரு ஆள் வேண்டும். அம்மாவை மட்டும் அனுப்புங்கோ, அப்பா வந்தால் தோள் ஆறினாலும் காது ஆறாது என்று நீ அண்ணாவுக்குச் சொன்னாயாம். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், நான் சிரிக்கவில்லை. அம்மா தனிய விமானம் ஏறி வரமாட்டாள், கல்கரியில் இறங்கி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பாள். ஆகவே நானும் வருவேன். வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று எழுதித் தரமாட்டேன், அது என்னால் இயலாது. உன் அறைக்குள் வரமாட்டேன், அதை மட்டும் எழுதித் தருகிறேன். சமையலறையில் இருந்து சத்தம் கேட்டால் கதவைச் சாத்து. மீன் குழம்பும் சொதியும் அம்மா வைப்பாள், வாசற் பனியை நான் தள்ளுவேன், இடக் கையால் சாப்பிடப் பழகும் வரைக்கும் அவள் வாயில் தீத்துவாள், அதற்கு வெட்கப்படாதே.

கல்கரி வைத்தியருடைய அலுவலகத்தின் இலக்கம் அண்ணாவிடம் இருக்கிறது. நீங்களே அடிச்சுச் சொல்லுங்கோவன், அவள் பிறகு ஏசட்டும் என்று அம்மா நேற்று முழுக்கச் சொன்னாள். இன்று ரெலிபோனைக் கையில் எடுத்து இலக்கத்தை அழுத்தியும் விட்டேன், அந்தப் பெண் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன். அவளிடம் நான் என்ன சொல்வது? உன்னை மேசையில் கட்டிப் படுத்த என்னால் முடியாது. அந்த நாளைத் திருப்பிக் கொடுத்தவள் நீ, திரும்பக் கேட்க வேண்டியவளும் நீ. ஆகவே இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் போடுகிறேன், புதன் அல்லது வியாழன் கிடைக்கும். படித்து முடித்தவுடன் எனக்கு ரெலிபோன் எடுக்காதே, எடுத்தால் நாங்கள் சண்டை பிடித்து வெள்ளிக்கிழமையைக் கடத்திவிடுவோம். முதலில் அந்த அலுவலகப் பெண்ணுக்கு எடு. பிறகு வேண்டுமென்றால் எனக்கு எடுத்து ஏசு, கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதுவரைக்கும் வண்டி இழுக்கப் போகாதே, மரியோவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுக் கீழே நில். வலப் பக்கம் சரிந்து படுக்காதே. பாரமான கோட்டைப் போடும்போது வலக் கையை முதலில் நுழை. அண்ணாவில் கோபம் வைக்காதே, அவன் உனக்குத் துரோகம் செய்யவில்லை.

பிள்ளையார் உனக்குத் துணை நிற்கட்டும். அம்மா உன்னைக் கொஞ்சினதாக எழுதச் சொன்னாள், திருநீறு மடித்து உள்ளே வைத்திருக்கிறாள், பூசிக்கொள். என்னுடைய ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும். தோள் ஆறின பிறகும் மலைக்குப் போகாதே என்றுதான் சொல்லுவேன், சாகும் வரைக்கும் சொல்லுவேன். அப்போது நீ இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்று, போவேன் அப்பா என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவபாதம்