பூனை செய்யாத தப்பு

மெஹதாப் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் கணவர் அக்பர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினார்.

"மெஹதாப், பால் காய்ச்சி வச்சிருக்கேன். பதினோரு மணிக்கு ஓரிக்கை நர்ஸம்மா வருவாங்க, தாழ்ப்பா போடாதே. சொம்புத் தண்ணி முழுக்கக் குடி. ஒண்ணுக்கு கசியுதுன்னு பயந்து நீ தண்ணியைக் குறைச்சதாலதான் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாத்ரூம் போ. பேட் அலமாரியில இருக்குது.

ரெண்டு வருஷமா இருமினாலே கசியுதுன்னு நேத்து அவங்ககிட்ட சொன்னியே, என்கிட்ட சொல்லலியே. சொல்ற மாதிரி நானும் இல்ல. தொழுகையை விட்டுட்டியேன்னு உன்னைத் திட்டிக்கினே இருந்தேன். உன் பேரைச் சொல்லாம பள்ளிவாசல் ஹஜரத்கிட்ட கேட்டேன். இந்த மாதிரி உடம்புக்கு ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் ஒரு தடவை கைகால் கழுவி ஒளு செஞ்சாப் போதுமாம், நடுவுல கசிஞ்சாலும் தொழலாமாம்."

பேனாவை நிறுத்திவிட்டு அவளுடைய தொழுகைப் பாயைப் பார்த்தார். போன வருஷம் அதில் வாடை அடித்தபோது, "பூனை வேலையா?" என்று கத்தினார். "ஆமாங்க" என்றாள். அவள் மடியிலேயே வளர்ந்த பூனை அது. அன்றே சாக்கில் கட்டி, வாலாஜாபாத் சந்தையில் விட்டுவிட்டு வந்தார். மூன்று நாள் அழுதாள்; அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்:

"வாலாஜாபாத் போறேன். கிடைக்காதுன்னு தெரியும். பூனை படுத்துக்கிட்டிருந்த உன் கூடையை எடுத்துக்கினு போறேன். இந்தத் தடவை சாக்கு இல்ல."