இரண்டாம் சிலிண்டர்

அக்டோபர் 6, திங்கள்

மேலூர் போகும் வழியில், ஒத்தக்கடை தாண்டியதும் கார் குலுங்கியது. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. நூலகத்தைத் தாமதமாகத்தான் திறந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், என் கணவர் ஜெயக்கொடி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்பளித்தார்: "கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுனா வேற என்ன செய்யும்?"

போன வாரம் ஆயுத பூசைக்குப் பானெட்டைத் திறந்து, பிரஷர் பைப்பால் என்ஜினைக் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தவர் இவர். அது பக்தி. நான் ஓட்டியது குற்றம்.

அக்டோபர் 7

மெக்கானிக் அருள்பாண்டி ஒரு கருவியைச் செருகினார். P0302 என்று வந்தது. என்னவென்று கேட்டது நான். பதில் போனது கூட வந்த இவரிடம்.

"ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலண்ணே. அந்த நம்பர அழிச்சு விட்டுட்டேன், லைட்டு போயிருச்சு. அக்காவ மட்டும் கியரப் பாத்துப் போடச் சொல்லுங்க."

அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்கிறார்கள்.

அக்டோபர் 8

விளக்கு எரிகிறது.

அக்டோபர் 10

"வித்துருவோம். மேலூருக்கு நிமிசத்துக்கு ஒரு பஸ்சு" என்றார். மாமியார் ஒத்து ஊதினார்: "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா காரு?"

கார் என் பெயரில் இருக்கிறது. ஆகவே என் கையெழுத்து தேவைப்படுகிறது. என் கருத்து தேவைப்படவில்லை.

ஏன் இம்புட்டு ஆத்திரம் எனக்கு? ஒரு இரும்புக்காகவா? இல்ல — யாரையும் கேக்காம நான் கெளம்புறது அது ஒண்ணுலதான். அதையும் புடுங்கணுமா?

அக்டோபர் 12, ஞாயிறு

எண் படிக்கும் கருவியை நானே வாங்கிவிட்டேன். என்ஜின் ஆறியபின் இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றினேன். பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாகம். குழிக்குள் தண்ணீர். மேலே வைத்த குங்குமமும் கரைந்து இறங்கியிருந்தது. பக்தி அவ்வளவு ஆழம் போகும் என்று எனக்குத் தெரியாது.

துடைத்துக் காயவைத்தேன். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டரில் மாட்டி, மூன்றின் காயிலை இரண்டுக்குக் கொண்டுவந்து, பழைய எண்ணை அழித்தேன். பழுது காயிலில் என்றால் அதனோடு மூன்றுக்குப் போகும். என் காலில் என்றால்? அதற்காகத்தான் ஜெயக்கொடியை ஓட்டச் சொன்னேன்.

சமயநல்லூர் போய்த் திரும்புவதற்குள் குலுங்கியது. P0303.

"மூணாவது சிலிண்டர். ஓட்டுனது நீங்க" என்றேன்.

"நீ ஏற்கெனவே கெடுத்து வச்சதுதானே?"

கருவிக்கு வெட்கம் கிடையாது; எண்ணைக் காட்டிவிட்டது. மனிதர்களை எங்கே செருகிப் பார்ப்பது?

அக்டோபர் 14

புதுக் காயில், அடியில் புது ரப்பர். மேலூர் போய் வந்தேன். விளக்கு எரியவில்லை. என்ன ஆயிற்றென்று வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

அக்டோபர் 18, சனி

திருமங்கலத்திலிருந்து செல்வக்குமார் என்பவர் காரைப் பார்க்க வந்து நிற்கிறார். வரச் சொன்னது இவர். என்னிடம் மூச்சு விடவில்லை. வந்தவர் என்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொக்கிப்போனார்.

"லேடீஸ் ஓட்டுன வண்டி, அலுங்காம இருக்கும்னு அண்ணே போன்ல சொன்னாரு. அதான் ஓடி வந்தேன். ஆம்பள கையில இருந்திருந்தா உலுப்பி எடுத்திருப்பாய்ங்க."

ஜெயக்கொடி சுவரைப் பார்த்தார். எங்கள் சுவரில் பார்க்க ஒன்றும் கிடையாது.

நான் கத்தவில்லை.

"அண்ணே சொன்னது நெசந்தான். ஆனா அந்த லேடி விக்கல. காபி குடிச்சிட்டுப் போங்க."

அக்டோபர் 23

இவர் பைக் பஞ்சர். காரில் என் பக்கத்தில் ஏறி, சீட் பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டார். மாட்டுத்தாவணியில் இறங்கவேண்டும். கோரிப்பாளையத்தில் நான் கியர் மாற்றும்போது ஒருமுறை வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.