இந்த வியர்வை எதனால்

அக்கா,

எனக்கு மாதவிடாய் முழுதாக நின்றுவிட்டது என்பது இன்று காலை உறுதியானது. சொன்னவர் நான் பார்க்கும் மகப்பேறு மருத்துவர். ஓராண்டாக வராமல் இருப்பதையும் நேற்று வந்த ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்து வைத்துச் சொன்னார். உடம்பில் திடீரென்று ஏறும் சூடும் வியர்வையும் இன்னும் சில வருடங்கள் தொடரலாம் என்றார். எத்தனை வருடம் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்களைத்தான் நீங்கள் நம்புவீர்கள். நானும் நம்பினேன்.

மருந்து வாங்கக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கைக்குட்டையில் ஓடிகோலோன் ஊற்றிப் பிடரியைத் துடைத்துக்கொண்டார். அந்த வாசனைக்கு நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை என்று தெரிந்தேதான் பார்த்தேன்.

நம் நாளிதழின் செய்தி அறையில் உங்கள் மேசையைச் சுற்றி எப்போதும் அந்த வாசனை இருந்தது. நீங்கள் கணினியில் மறுநாள் இதழுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். முகம் சட்டென்று சிவக்கும், மேலுதட்டில் முத்து முத்தாக வியர்க்கும். உடனே கைக்குட்டையை எடுப்பீர்கள். "அக்காவுக்கு மட்டும் மார்கழியிலயே அக்னி நட்சத்திரம் வந்துடுச்சு" என்பார் செய்தி ஆசிரியர். "உனக்கும் வந்தா தெரியும்டா. உனக்கு வராது பாரு, அதான் ஆண்டவரோட ஓரவஞ்சன" என்பீர்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தச் சூட்டுக்கு நீங்கள் வைத்த பெயர் வெக்கை. மருத்துவர்கள் சொல்கிற ஆங்கிலப் பெயரைவிட அது எனக்குச் சரியாகப் பட்டது.

எனக்கு அப்போது வெக்கை வரவில்லை. ஆனால் நாம் இருவருமே இன்சுலின் ஊசி போடுகிறவர்கள். சர்க்கரை தாழ்ந்துபோனாலும் இப்படித்தான் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். உடனே இனிப்பைத் தின்னாவிட்டால் நினைவு தப்பும். வெக்கை என்று நினைத்து இனிப்பைத் தின்னாமல் இருந்தால் விழுந்துவிடலாம். தாழ்ந்துவிட்டது என்று பயந்து ஒவ்வொரு தடவையும் தின்றால் சர்க்கரை எகிறிவிடும். வியர்க்கும் ஒவ்வொரு முறையும் எது என்று தெரிந்தாக வேண்டும். உங்களுக்கு அப்போது இருந்த கஷ்டம் இதுதான். இப்போது எனக்கும்.

அந்தத் தவக்காலம் நினைவுக்கு வருகிறது. உங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஆளுக்கொன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுவீர்கள். ஒருவர் காப்பியை, ஒருவர் மீனை. "சக்கர வியாதிக்காரிகிட்ட விடறதுக்கு இன்னாடி இருக்கு? பையில கெடக்கற ஆரஞ்சு மிட்டாய்தான். அத்தயும் குடுத்துட்டேன்" என்றீர்கள். தமாஷ் என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையைப் பற்றி எழுத நான் வந்திருந்தேன். நீங்கள் ஒருசந்தி இருந்தீர்கள், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஊசியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டதாகச் சொன்னீர்கள். வெயிலில் ஊர்வலம் நகர்ந்துகொண்டிருந்தது. உங்கள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. "வெக்கை வந்துடுச்சுடி" என்று பிடரியைத் துடைத்துக்கொண்டீர்கள். சற்று நேரத்தில் என்னை உங்கள் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஊர்வலம் நின்று செபிக்கும் அடுத்த தலத்தில் எல்லாரும் முழங்காலிட்டு எழுந்தார்கள். நீங்கள் எழவில்லை.

உங்கள் பையைத் தரையில் கொட்டினேன். செபமாலை, கைக்குட்டை, வீட்டுச் சாவி. மிட்டாய் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அது தமாஷ் இல்லை என்று புரிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்கு வைத்திருந்த குளிர்பானத்தை நீட்டினாள். தலையை நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் விட்டோம். கண் திறந்ததும் உங்கள் முதல் கேள்வி: "போட்டோக்காரன் யாராச்சும் எடுத்துட்டானா?"

மறுநாள் பங்குச் சாமியார் உங்கள் வீட்டுக்கு வந்தார். "மருந்த யாராச்சும் ஆண்டவருக்கு விட்டுக் குடுப்பாங்களாம்மா? உனக்கு அந்த மிட்டாய் மருந்து."

"சரி ஃபாதர். அடுத்த வருசம் உங்க பிரசங்கத்த விட்டுடறேன்."

அவர் சிரித்ததில் நாற்காலி ஆடியது.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு வழக்கம் வைத்தீர்கள். "வேர்த்தா மொதல்ல குத்திப் பாரு. அப்புறம் பேரு வை." விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்து, எண்ணைப் பார்த்த பிறகுதான் அது வெக்கையா, சர்க்கரை தாழ்ந்ததா என்று முடிவு செய்ய வேண்டும். உறுதி செய்யாமல் தலைப்பு போடாத உங்களுக்கு அது இயல்பாக வந்தது. மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து காய்கறி விலை சொல்வது போல் நாம் எண்களைச் சொல்லிக்கொள்வோம். அந்த வழக்கம் சரியாகவே இருந்தது, ஒரு பிற்பகல் வரை.

அன்று நீங்கள் காரைக்கால் செய்திப் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தீர்கள். வியர்த்தது. கீபோர்டைத் தள்ளிவிட்டுக் குத்திப் பார்த்தீர்கள். மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். "பாரு, நல்லாதான் இருக்கு. வெக்கைதான். ஃபேன ஏத்து." ஏற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, "தாட வலிக்குதுடி. பல்லு டாக்டர்கிட்ட போவணும்" என்றீர்கள். பக்கத்தை அச்சுக்கு அனுப்பினீர்கள். அப்புறம் மேசைமேல் தலையைச் சாய்த்தீர்கள். களைப்பு என்று நினைத்தோம்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் என்னைக் கேட்டார்: "நெஞ்சு வலின்னு சொன்னாங்களா?" இல்லை, வியர்வை மட்டும்தான், தாடை வலி என்றார் என்றேன். வெகுநாள் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலி தெரியாமலே போகலாம், வியர்வையோடு மட்டும்கூட வரலாம் என்றார். அதைச் சொல்லி முடித்தபோது அவர் உங்களைப் பற்றிக் கடந்த காலத்தில் பேச ஆரம்பித்திருந்தார்.

அக்கா, வியர்வைக்கு மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு என்பது நமக்குத் தெரிந்திருக்கவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்டது ஒரு கேள்விதான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அமைச்சர் ஒருவரின் செய்தியாளர் கூட்டம். குளிரூட்டிய அறை, எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. மேசைக்கடியில் குத்திப் பார்த்தேன். எண் நன்றாக இருந்தது. மற்றவர்களுக்கு அது நிம்மதி. எனக்கு அங்கேதான் பயம் ஆரம்பிக்கிறது.

பக்கத்திலிருந்த வேறொரு பத்திரிகைக்காரர் குனிந்து, "இன்னா மேடம், கேள்வி கேட்டது அமைச்சர, வேர்க்கறது உங்களுக்கா?" என்றார். சிரிக்க முயன்றேன். தாடையைத் தொட்டுப் பார்த்தேன். வலிக்கிறதா, அழுத்துவதால் வலிப்பது போலிருக்கிறதா என்று தெரியவில்லை. அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

அவசரப் பிரிவில் இருந்த நர்ஸுக்கு என் முகம் பழகிவிட்டது. மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே, "மறுபடியுமாக்கா? உங்களுக்குன்னு ஒரு பெட்டு போட்டு வெச்சிடலாம் போலக்குது" என்றாள். இதய வரைபடத்தில் ஒன்றும் இல்லை. சில மணி நேரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. மூலக்குளத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. அடுத்த முறை பேசாமல் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததுதான் வியர்வையைவிட என்னைப் பயமுறுத்தியது.

அதனால் இன்று மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். "ஒவ்வொரு வாட்டியும் ஓடறது பைத்தியக்காரத்தனமா டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மொதல்ல சுகர் பாருங்க. நல்லா இருந்து, வேர்வை மட்டும் வந்து சீக்கிரமே அடங்கிடுச்சுன்னா நீங்க சொல்ற வெக்கைதான். மூச்சு வாங்கினா, தாடையோ கையோ முதுகோ வலிச்சா, வயித்தப் பொரட்டினா, வேர்வை அடங்கவே இல்லன்னா, யோசிக்காதீங்க, ஓடியாங்க. நூறு வாட்டி சும்மா வந்தாலும் பரவால்ல. கிண்டல் பண்றவங்கள நான் பாத்துக்கறேன்."

நீங்கள் வைத்த வழக்கத்தை நான் விடவில்லை. இன்றும் முதலில் குத்தித்தான் பார்க்கிறேன். எண் நன்றாக இருந்தால் அதோடு நிறுத்துவதில்லை. உங்களிடம் யாரும் கேட்காத அடுத்த கேள்விகளை என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தவை இந்த இரண்டும்தான். ஒன்றை நீங்களே சொல்லித் தந்தீர்கள். மற்றது நீங்கள் போனதால் வந்தது.

வெக்கையைக் குறைக்க ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. என் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வைத்துக்கொண்டு அதைக் கொடுக்கலாமா என்பதை இதயத்தைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். வரும் வியாழக்கிழமை காலை, டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பரிசோதிக்கிறார்கள். முடிவு அன்று மாலைக்குள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை உண்டா இல்லையா என்பது அதற்குப் பிறகு.

இதை எழுதும்போதே பிடரியில் சூடு ஏறுகிறது. பேனாவை வைத்துவிட்டு மீட்டரை எடுக்கிறேன், அக்கா.