குறை தேடிப் போன சனிக்கிழமை

அக்கா,

இன்று காலை ஆலயத்துக்குப் புறப்பட பீரோவைத் திறந்து வெள்ளைச் சேலையை உருவினேன். அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. கோச்சடை வீட்டில் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதே நெடி. சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஓசூரில் இருக்கும் மகள் எங்களை அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். அவளுக்கு இது ஏழாவது மாதம். இவர் கடையை யாருக்காவது விட்டுவிடலாம் என்கிறார். நானும் போன வருடம் பள்ளி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படிச் சந்தேகப்பட எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நீங்கள் ட்ரில் டீச்சர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். நான் கிளார்க், முப்பத்திரண்டு வயதில் கணவனைப் பறிகொடுத்தவள். வாடகையைப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு பேருக்கும் வசதி என்றுதான் அந்த வீட்டுக்கு வந்தோம். நான்கு வருடத்தில் வாடகையெல்லாம் மறந்துபோய், ஒருவர் வரும்வரை மற்றவர் சாப்பிடாமல் காத்திருக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அப்போதுதான் விளாங்குடியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். அதை நடத்திய அம்மாவுக்குத் தீர்க்கதரிசன வரம் உண்டு என்று சொன்னார்கள். ஒரு நாள் அவர் என் தலையில் கை வைத்து, திருவாதவூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் செல்வராஜைத்தான் ஆண்டவர் எனக்குக் குறித்திருக்கிறார் என்றார். மனைவியை இழந்தவர், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. இந்த மாதம் முடிவதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும், வேலையை விட்டுவிட வேண்டும், தாமதித்தால் கதவு அடைபட்டுவிடும் என்றும் சொன்னார். நேராக வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன்.

நீங்கள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இம்புட்டு அவசரம் ஆண்டவருக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் ஆளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். முதல் மனைவி எப்படிச் செத்தாள், குடி உண்டா, ஏன் இத்தனை நாள் வேறு பெண் அமையவில்லை? எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், கல்யாணம் ஆகாதவருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் போய்விட்டால் தனியாகிவிடுவோம் என்று பயந்துதான் தடுக்கிறீர்கள் என்று தோன்றியது. தோன்றிய பிறகு நீங்கள் செய்ததெல்லாம் அதற்கே சாட்சியாகத் தெரிந்தது. காபியில் சீனி குறைந்தால்கூட உள்நோக்கம் தேடினேன்.

பிறகு வீட்டுக்காரம்மா ஒரு விஷயம் சொன்னார். நான் இல்லாத நேரத்தில் செல்வராஜ் நம் வீட்டுக்கே வந்திருக்கிறார். நான் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி நீங்கள் வாசலோடு அனுப்பிவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களிடம் கேட்கவும் இல்லை. இன்னும் என்னவெல்லாம் மறைக்கிறீர்கள் என்று பார்ப்போம் என்று காத்திருந்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை, பிள்ளைகளை மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பினீர்கள். பள்ளியில் கடிதங்களை டைப் அடிப்பவள் நான். அன்று எந்த மேட்ச்சும் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் தெருமுனை திரும்பியதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன். சேலைகள், சான்றிதழ்கள், ஒரு பழைய வேதாகமம். அவ்வளவுதான். எதுவும் கிடைக்காதது சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பினீர்கள். காலெல்லாம் செம்மண். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"திருவாதவூருக்குப் போயிட்டு வாரேன், கிரேஸ். அந்தாளு கடைக்கு எதுத்தாப்புல டீக்கடையில ஒக்காந்து எல்லாரையும் விசாரிச்சேன். செத்துப்போன பொண்டாட்டியோட அம்மாவையும் பாத்தேன். அது இன்னமும் மருமகன் வீட்லதான் இருக்கு. மகனா இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டான்னு சொல்லுது. குறை தேடித்தான் போனேன். கெடைக்கல."

அவரைத் திருப்பி அனுப்பியதையும் நீங்களாகவே சொன்னீர்கள்.

"நீ போறது எனக்குப் பிடிக்கல. அதான் உண்மை. தெனமும் ஒனக்காக ஜெபம் பண்ணேன். ஆனா ஆண்டவரே, அவள இங்கயே வையுங்கன்னுதான் வாயில வருது. அதுக்குப் பேரு ஜெபமா? அதான் நேர்ல போயிப் பாத்துரலாம்னு போனேன்."

ஒரு பொய் போதும், அக்கா. குடிகாரன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. அன்று நான் உங்கள் பெட்டியைக் குடைந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் உங்களுக்குச் சோறு போட எழுந்துபோனேன். பிறகும் சொல்லவே இல்லை.

அந்தம்மா வைத்த கெடுவுக்காகச் சம்மதிக்காதே, நீயே போய்ப் பார், அந்தக் குழந்தையோடு பேசு, வேலையை மட்டும் விடாதே என்றீர்கள். மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். எந்தக் கதவும் அடைபடவில்லை. நான்காவது முறை போனபோது குழந்தை தலைவார என்னிடம் சீப்பை நீட்டினாள். இப்போது ஓசூரிலிருந்து கூப்பிடுகிறவளும் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒத்தக்கடை வழியாக பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்துபோனேன்.

நீங்கள் பயந்ததும் நடந்தது. வாராவாரம் வந்தவள் மாதத்துக்கு ஒருமுறை ஆனேன். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. கடைசியில் நீங்கள் படுக்கையில் இருந்தபோது மூன்று வாரம் நான் வரவில்லை. பஸ் இல்லை, இவருக்குக் காய்ச்சல், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், உங்களை அந்த நிலையில் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆண்டவர் பெயரைச் சொன்னால் அந்தப் பயம் பக்தி மாதிரி தெரிந்தது. வந்தபோது நீங்கள் கோபப்படவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள்.

இன்று ஆலயத்தில் முழங்கால் போட்டவுடன் ஓசூருக்கு வழிகாட்டும் ஆண்டவரே என்று தொடங்கினேன். அங்கேயே நிறுத்திக்கொண்டேன். முதலில் என் மனதில் இருப்பதை அவரிடம் சொன்னேன். எனக்குப் போக ஆசை. பேரப்பிள்ளைக்காக மட்டும் இல்லை. இந்த வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கப் பயமாக இருக்கிறது. அதே நேரம், மருமகன் வீட்டில் வேண்டாதவளாகிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டையும் சொல்லி முடித்த பிறகுதான் வழி கேட்டேன்.

திரும்பி வரும்போது இவரிடம் பேசினேன். பிரசவத்துக்கு நான் போய் ஐந்து மாதம் இருந்து பார்க்கிறேன், அதுவரை கடை இருக்கட்டும் என்றேன். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார், சொல்லத் தயங்கியிருக்கிறார்.

சரியான முடிவா என்று தெரியாது, அக்கா. என்ன வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் கேட்டேன், அது மட்டும் தெரியும். அன்று உங்கள் பெட்டியைக் குடைந்ததையும் இன்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

கிரேஸ்