புதுமணத் தம்பதிச் சலுகை

டீச்சரம்மா,

நேரில் சொல்ல முகமில்லை, எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

"இருபத்தாறு வருஷத்துல ஒரு கடலைக் காட்டினியா?" என்று நேற்று நீ கேட்டாயே, அந்த ரோஷத்தில் தீவு விடுதிக்குப் போன் போட்டேன். புதுமணத் தம்பதிக்குப் பாதி விலையாம். கல்யாணமாகி ஒரு மாசம் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். பதினொரு மணிக்கு அந்த விடுதிப் பெண் உன்னைக் கூப்பிடுவாள், காட்டிக்கொடுத்துவிடாதே.

"மேடத்துக்கு எது பிடிக்கும் சார், கடல் பக்க ரூமா, தோட்டப் பக்கமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "கல்யாணம் புதுசும்மா, இனிமேதான் கேக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே நம்பிவிட்டாள்.

சாவி ஜன்னலில்.

பி.கு. எந்த ரூம் என்று அவளிடம் சொல்லிவிடு. இந்தச் சீட்டின் பின்னால் எனக்கும் எழுதி வை.